தலைச்சீப்பும் கடைச்சீப்பும்

பரிசம் போட வந்த அன்று ரெங்கம்மா தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துத் தன் விரலோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த தன் உறவுக்காரப் பெண்ணிடம், "எங்க வெலிமடப் பக்கம் இம்புட்டுக்காணு கேரட்டு வெளைஞ்சா மாட்டுக்குத்தான் போடுவோம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற ஜீவராணிக்குக் காது கூர்மை.

ஜீவராணி லுணுகலைக் கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்தாள். சுற்றுவட்டத் தோட்டங்களில் எங்கே கல்யாணம் என்றாலும் மணப்பெண்ணின் ஜாக்கெட் அவள் மெஷினைத் தாண்டித்தான் போகும். இப்போது அவளுடைய தங்கை விஜயலெட்சுமிக்கே கல்யாணம். தாயும் தகப்பனும் இல்லாத வீடு. பந்தல் முதல் பாயசம் வரை எல்லாவற்றையும் அவளே தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கஜேந்திரன் தங்கமான ஆள். வெலிமடையிலிருந்து லீக்ஸும் உருளைக்கிழங்கும் ஏற்றிப்போகிற லொறி அவனுடையது. அவனை வளர்த்து ஆளாக்கியவர் அத்தை ரெங்கம்மா. அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம்.

விருந்தாளிகள் போனதும் ஜீவராணி பாத்திரங்களைப் போட்டு உருட்டிய சத்தம் பக்கத்து லயத்து வீடுகள்வரைக்கும் கேட்டது.

"கல்யாணத்தன்னைக்கு நான் பந்தியில வைக்கிற பழத்த அந்தம்மா ரெண்டு கையால தூக்கணும்" என்றாள் கணவனிடம்.

"ரெண்டு கையால தூக்குறதுக்கு அது என்னா பலாப்பழமா?" என்றான் அழகர். அவன் த்ரீவீல் ஓட்டுகிறவன். யாருடைய கோபத்தையும் பாதி வழியிலேயே இறக்கிவிடுகிற சுபாவம் அவனுக்கு. ஆனால் இந்தத் தடவை ஜீவராணி இறங்கவில்லை.

கல்யாணம் வியாழக்கிழமை. அதற்கு முந்திய சனிக்கிழமை இருவரும் பதுளைக்குப் போனார்கள். சந்தைக்குப் பின்னால் ஜெஸீமாவின் வாழைப்பழ ஸ்டோர். பிபிலைப் பக்கமிருந்தும் புத்தளைப் பக்கமிருந்தும் குலைகள் லொறியில் வந்து இறங்கும். ஜெஸீமா அவற்றைச் சீப்புச் சீப்பாக வெட்டி, ஸ்டோரின் பின்னாலிருந்த அறையில் அடுக்கி, புகை போட்டுப் பழுக்கவைத்து, பதுளையிலும் பண்டாரவளையிலும் உள்ள கடைகளுக்குக் கொடுப்பாள். நடுத்தர வயது, கணீர் குரல், எந்நேரமும் கையில் கத்தி.

ஜீவராணி உள்ளே நுழைந்ததுமே மூலையில் சாய்த்து வைத்திருந்த ஒரு குலைமேல் கண்ணை வைத்துவிட்டாள். காய் ஒவ்வொன்றும் அத்தனை நீளம்.

"இதுதான் வேணும்" என்றாள்.

"அத விடுங்க தங்கச்சி" என்றாள் ஜெஸீமா. "அது நீளமா ஈக்கி, ஆனா சதை இல்ல. தடவிப் பாருங்க, பக்கம் பக்கமா விளிம்பு எழும்பி நிக்கிது. காத்துக்குச் சாய்ஞ்ச மரம்னு முத்த முந்தியே வெட்டித் தந்திட்டாங்க. மஞ்சளாகும். ஆனா வாய்ல போட்டா மாவைத் தின்ன மாதிரித்தான் ஈக்கும்."

ஜீவராணி தடவிப் பார்த்தாள். விளிம்பு பென்சில் முனைபோலக் கையில் இடித்தது.

ஜெஸீமா இன்னொரு குலையைக் காட்டினாள். கோழிக்குட்டு ரகம். மேல் சீப்புகளில் காய்கள் உருண்டு திரண்டு, விளிம்பெல்லாம் மறைந்து, ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. கீழே வர வர சிறுத்துக்கொண்டே போய், கடைசிச் சீப்புக் காய்கள் விரல் அளவுக்கு வந்து நின்றன.

"அப்ப இந்த மேல உள்ளது மட்டும் குடுங்க" என்றாள் ஜீவராணி.

ஜெஸீமா சிரித்தாள். "எல்லாக் கல்யாண வீட்டுக்காரங்களும் தலைச்சீப்பத்தான் கேக்குறாங்க. அப்ப கடைச்சீப்ப எல்லாம் நான் மால கட்டிப் போட்டுக்கிறதா? குலையோட எடுங்க. ஆனா ஒண்டா அடுக்க ஏலாது. தலைச்சீப்பு மொத விரிஞ்சது, மொத முத்தினது. புகையில வெச்சா அதுதான் மொதல்ல பழுக்கும். கடைச்சீப்பும் அதோட பழுக்கும்னு காத்துக்கிட்டு நிண்டா, பெருசு கறுத்து வடிஞ்சிரும், சின்னது அப்பவும் பச்சையாத்தான் பாத்துக்கிட்டு ஈக்கும்."

"வியாழக்கிழமைக்கு எது சரியா வரும்?"

"பெருசு. அத நான் புகையில வெச்சு புதன்கிழமை அனுப்புறேன். சின்னத இண்டைக்கே கொண்டுபோங்க. ஒங்கட ஊர்க் குளிருக்கு அது பழுக்கக் கல்யாணமும் தாண்டிரும். கொஞ்சம் புளிக்கும். வீட்டுக்குச் சாப்பிடப் பரவால்ல."

அதே மாதிரிப் பத்துக் குலை எடுத்து, பெரிய சீப்புகளை ஜெஸீமாவிடம் விட்டுவிட்டுச் சின்னச் சீப்புகளை த்ரீவீலின் பின்சீட்டில் நிரப்பிக்கொண்டு அவர்கள் திரும்பினார்கள். வழி நெடுக ஜீவராணி அவற்றைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. வீட்டுக்கு வந்ததும், "கண்ணுல படாத எடத்துல வைங்க. ஒன்னுகூட மண்டபத்துப் பக்கம் வரக்கூடாது" என்றாள். அழகர் விறகுக் கொட்டகையில் குறுக்குக் கம்பு கட்டி அத்தனையையும் வரிசையாகத் தொங்கவிட்டான்.

புதன்கிழமை மத்தியானம் மழைக்கு நடுவே ஜெஸீமாவின் வான் வந்தது. பெரிய சீப்புகள் தளதளவென்று மஞ்சளேறி வந்திருந்தன. கோயில் மண்டபத்தில் வாழையிலை பரப்பி ஜீவராணி தன் கையாலேயே அவற்றை அடுக்கினாள். ஒரு பழத்தை உரித்துத் தங்கைக்குப் பாதி கொடுத்துத் தான் பாதி தின்றாள். மெத்தென்று இனித்தது. ஒரு பழம் தின்றால் ஒரு நேரச் சாப்பாடு.

"அக்கா, கல்யாணம் எனக்கா, இந்தப் பழத்துக்கா?" என்று கேட்டாள் விஜயலெட்சுமி. ஒரு கையில் மருதாணி காய்ந்துகொண்டிருந்தது.

"ரெண்டு பேருக்கும்தான்" என்றாள் ஜீவராணி.

மழை விடவேயில்லை. வியாழன் காலை இன்னும் நன்றாக விடியாத நேரத்தில் கஜேந்திரனின் போன் வந்தது. வெலிமடையிலிருந்து இரண்டு பஸ்ஸில் கிளம்பி, பதுளையைக் கடந்து, பசறையைத் தாண்டி வந்துகொண்டிருந்தவர்கள் நடுவழியில் நின்றுவிட்டார்கள்.

"அக்கா, முன்னுக்கு ரோட்டே இல்ல" என்றான். "மண் சரிஞ்சு பாதித் துண்டு பள்ளத்துக்குப் போயிருச்சு. ஆளுக்கு ஒன்னும் இல்ல, கடவுள் புண்ணியம். ஆனா பொலிஸ் யாரையும் விட மாட்டேங்குறாங்க."

ஜீவராணி போனைக் காதிலிருந்து எடுக்காமலே பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. சமையல்காரர்கள் பதுளையிலிருந்து வர வேண்டியவர்கள். அவர்களும் அந்தப் பக்கம்தான் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அடுப்பு மூட்டவே ஆளில்லை.

அழகர் த்ரீவீலை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ரோட்டு வேலைக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒரு பெக்கோ மெஷின் மண்ணை அள்ளுகிறது. எப்படிப் பார்த்தாலும் சனிக்கிழமைக்கு முன் ஆள் நடக்கிற வழிகூடக் கிடைக்காது. ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "ஞாயித்துக்கெழம நல்ல முகூர்த்தம் இருக்கு. இதவிட நல்லதுன்னே சொல்லலாம்" என்றார். அவர் ஆறுதலுக்குச் சொல்கிறாரா உண்மையாகவே சொல்கிறாரா என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணம் ஞாயிறு என்று முடிவாகிவிட்டது.

"சரி, அப்ப அவங்க திரும்பிப் போயிரலாமே" என்றாள் ஜீவராணி.

"எப்புடிப் போறது? பின்னாடி பஸ்சும் லொறியும் வரிசையா நிக்கிது. பசறையில இருந்து ஒவ்வொன்னா பின்னால எடுத்தாத்தான் அவங்க திரும்பலாம். மத்தியானம் தாண்டிரும். விடிய முந்திக் கெளம்புன சனம். ஒன்னும் சாப்பிடல. பக்கத்துல கடை கண்ணியும் இல்ல. சின்னப் புள்ளைங்க வேற அழுவுது" என்றான் அழகர்.

ஜீவராணி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். அரிசி மூட்டையில் இருந்தது. காய்கறி கூடையில் இருந்தது. சமைக்காமல் அப்படியே வாயில் போடக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மஞ்சள் மஞ்சளாக மேடைக்குப் பக்கத்தில் மலைபோல அடுக்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைவரை வைத்தால் அத்தனையும் கறுத்துப்போகும் என்பது ஜெஸீமா சொல்லாமலே இப்போது அவளுக்குத் தெரிந்தது.

"ஏத்துங்க" என்றாள்.

"எத?"

"எல்லாத்தையும்."

தேயிலைக் கொழுந்துச் சாக்குகளில் வாழைச்சருகு வைத்துப் பழங்களை அடுக்கினார்கள். த்ரீவீல் போதாமல் பக்கத்துக் கடைக்காரரின் சின்ன லொறியும் வந்தது. விஜயலெட்சுமியும் ஏறிக்கொண்டாள். தலையில் மல்லிகைச்சரம், உடம்பில் வீட்டுக்குப் போடுகிற கவுன், அதன்மேல் அழகரின் மழைக்கோட்டு. கல்யாணப் பெண் வெளியில் போகக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். "கல்யாணம் ஞாயித்துக்கெழமதானே, இன்னைக்கு நான் சும்மா பொண்ணுதான்" என்றாள் அவள்.

சரிவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தபோது இடைவெளி ஒரு வீட்டின் அகலத்துக்கு மேல் இருந்தது. நடுவே செம்மண் சேறு கீழே பள்ளம்வரைக்கும் இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் வேட்டி சட்டையும் பட்டுச்சேலையுமாக ஒரு கல்யாணக் கூட்டமே குடை பிடித்துக்கொண்டு நின்றது. கஜேந்திரன் விஜயலெட்சுமியைக் கண்டுபிடித்துக் கையைத் தூக்கி ஆட்டினான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போனில் பேசினார்கள்.

"மாப்பிள்ளை வேட்டியெல்லாம் சேறா இருக்கு" என்றாள் விஜயலெட்சுமி.

"பொண்ணு மட்டும் என்னவாம்? அது என்னா கோட்டு, மீன்காரர் மாதிரி?"

வேலைக்காரர்கள் ஏற்கெனவே இரண்டு பக்கத்து மரங்களுக்கும் நடுவே கயிறு கட்டியிருந்தார்கள். சாமான் அனுப்ப அதில் ஒரு கப்பி இருந்தது. அழகர் அவர்களிடம் போய்ச் சிங்களத்தில் இரண்டு வார்த்தை பேசினான். அவர்கள் பழத்தைப் பார்த்தார்கள். முதல் சீப்பு அவர்களுக்கே போனது. பிறகு சாக்குகள் ஒவ்வொன்றாகக் கயிற்றில் ஏறின.

முதல் சாக்கு நடுவில் போய் நின்று ஆடியது. இரண்டு பக்கத்துச் சனமும் "ஓ…" என்று ஒரே குரலில் சத்தம் போட்டது. கஜேந்திரனும் இன்னும் நான்கைந்து பேரும் அந்தப் பக்கம் இழுக்க, சாக்கு மெல்ல நகர்ந்து போய்ச் சேர்ந்தது. கைதட்டல் எழுந்தது. அதன் பிறகு ஒவ்வொரு சாக்குக்கும் கைதட்டினார்கள். ஒரு சாக்கு மட்டும் வாய் அவிழ்ந்து இரண்டு சீப்பு கீழே சேற்றில் போய்ச் சொருகிக்கொண்டது.

கல்யாணக் கூட்டம் சாப்பிட்டது. பின்னால் நின்ற பஸ்காரர்களும் லொறி டிரைவர்களும் சாப்பிட்டார்கள். ஆளுக்கு ஒன்றுதான். ஆனால் ஒன்று போதுமாக இருந்தது. அழுத பிள்ளைகள் கன்னம் புடைக்க மென்றுகொண்டு வாய் மூடினார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஜீவராணியின் போன் அடித்தது. ரெங்கம்மா. அந்தப் பக்கம் ஒரு கல்லின்மேல் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இங்கிருந்தே தெரிந்தது.

"ஏம்மா ஜீவராணி, கல்யாணப் பழத்தையா அனுப்பிட்ட?"

"ஆமாங்க சம்மந்தியம்மா."

"அப்ப ஞாயித்துக்கெழம பந்தியில என்னா வைப்ப?"

ரோடு இப்படிக் கிடக்கும்போது பதுளையிலிருந்து வேறு பழம் வரப்போவதில்லை. மறைத்து என்ன ஆகப்போகிறது?

"சின்னதுதான் இருக்கு சம்மந்தியம்மா. விரல் கணக்காத்தான் இருக்கும். அதுவும் இன்னும் பழுக்கல."

ரெங்கம்மா சொன்னார்: "நான் சுகர்காரி. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. இந்தப் பழம் வராட்டி இன்னைக்கு நான் விழுந்திருப்பேன். எதையாச்சும் வை போ. நல்லாப் பழுக்க வை." போனை வைத்துவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பியதும் ஜீவராணி நேரே விறகுக் கொட்டகைக்குப் போனாள். அவள் இத்தனை நாளாக எட்டிப்பார்க்காத சீப்புகள் கம்பில் அமைதியாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பச்சைதான். ஆனால் கரும்பச்சை இல்லை. காம்புப் பக்கம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. ஜெஸீமாவுக்குப் போன் போட்டாள்.

"புகை போடட்டுமா?"

"வேணாம் தங்கச்சி. இப்ப அது தானாத் திரும்புது. வெரட்ட வேணாம். நல்லாப் பழுத்த பழம் ஒண்டு மிச்சம் ஈக்கா? அத அதுக்கு நடுவுல கட்டி, கம்பளியால மூடி விடுங்க. ஒண்டப் பாத்து ஒண்டு பழுக்கும்."

பழுத்தது ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாம் கயிற்றில் போய்விட்டன. கடைசியில் விஜயலெட்சுமி முகத்துக்குப் பூசலாம் என்று தலையணைப் பக்கம் ஒளித்து வைத்திருந்த ஒரு பழம் அகப்பட்டது. அதைக் கொட்டகையில் கட்டி, வீட்டிலிருந்த கம்பளிகளையெல்லாம் எடுத்து மூடினார்கள். அன்று வீட்டில் எல்லோரும் சேலையைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை மழை நின்றது. ஜீவராணி வேலைக்கு நடுநடுவே போய்க் கம்பளியைத் தூக்கிப் பார்ப்பாள். "அடைகாக்கிற கோழி தோத்துப்போகும்" என்றான் அழகர். சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தபோது கிட்டத்தட்ட எல்லாமே மஞ்சள். கடைசியில் ஒல்லியாக, விளிம்பு எழும்பி நின்ற சில சீப்புகள் மட்டும் மாறவேயில்லை. அவற்றைக் கறிக்கு வெட்டிவிடச் சொன்னாள்.

அதற்குள் சரிவின்மேல் பலகை போட்டு, பக்கத்தில் கயிறு கட்டி, ஆள் நடக்க வழி விட்டிருந்தார்கள். ஞாயிறு விடியற்காலையில் மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸை அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்து வந்தார்கள். சமையல்காரர்கள் முதல் நாளே அண்டாவைத் தலையில் வைத்துக் கடந்து வந்திருந்தார்கள். ஜெஸீமாவையும் ஜீவராணி அழைத்திருந்தாள். அவளும் அதே வரிசையில் வந்தாள். வெறுங்கையோடு வரவில்லை, ஒரு டப்பா தொதல் இனிப்புக் கொண்டுவந்தாள்.

நல்ல நேரத்தில் தாலி ஏறியது. விஜயலெட்சுமி குனிந்தபடி சிரித்துக்கொண்டேயிருந்தாள். ஐயர் இரண்டு தடவை சும்மா இருக்கச் சொன்னார்.

பந்தி தொடங்கியது. ஜீவராணி பழக்கூடையைத் தானே எடுத்துக்கொண்டு ரெங்கம்மாவின் இலைக்கு வந்தாள். ஒரு பழத்தை வைத்தாள். பெரிய இலையில் அது மிகச் சின்னதாகத் தெரிந்தது. இன்னொன்றையும் வைத்தாள். பக்கத்து இலைக்காரர்கள் ரெங்கம்மாவின் முகத்தையே பார்த்தார்கள்.

ரெங்கம்மா உரித்தார். தோல் தாள்போல மெல்லிசாக வந்தது. முழுப் பழத்தையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். இரண்டாவதையும் உரித்தார்.

"கூடைய இங்கயே வைச்சுட்டுப் போ" என்றார்.

"சம்மந்தியம்மா, சுகர்…"

"இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான். சின்னதுதானே, ரெண்டு தின்னாத்தான் அன்னைக்கு அனுப்புன ஒன்னு கணக்கு." பிறகு குரலைத் தாழ்த்தாமலே கேட்டார்: "அன்னைக்குப் பழம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இது என்னமோ தேன் கணக்கா இருக்கே. எப்புடி?"

ஜீவராணி எதிர்வரிசையில் இருந்த ஜெஸீமாவைப் பார்த்தாள். ஜெஸீமா ஒரு பழத்தைப் பாதி கடித்துவிட்டு அதையே யோசனையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புளிக்கும்னு நான்தான் சென்னேன்" என்றாள். "எங்கட ஸ்டோர்ல கடைச்சீப்ப யாரும் தானாப் பழுக்க விடுறதில்ல. அவசரமாப் புகைச்சு, அரைகுறையா மஞ்சளானதும் வித்துப்போடுவோம். அதத் தின்னுட்டு, சின்னப் பழம்னா புளிப்புன்னு நானே நெனச்சிட்டேன். நல்லா முத்தி ஈந்தா, அதுக்கு வேண்டிய நாளக் குடுத்தா, இதுவும் பழம்தான் போல."

"நான் குடுக்கலீங்க" என்றாள் ஜீவராணி. "மண்ணு சரிஞ்சு குடுத்துச்சு."

பந்தி முழுக்கச் சிரித்தது. ரெங்கம்மாவும் வாயில் பழத்தோடு சிரித்து, புரையேறி, தண்ணீர் குடித்தார். கூடை காலியாகி மறுபடியும் நிரம்பியது. பிள்ளைகளுக்கு அது கைக்கு அளவாக இருந்தது; ஆளுக்கு இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி ஓடினார்கள்.

பெண்ணை அழைத்துப் போகிற நேரம் வந்தபோது ஜீவராணி அழுதாள். விஜயலெட்சுமியும் அழுதாள். அழகர் மட்டும், "வெலிமட என்னா வெளிநாடா?" என்று சொல்லிக்கொண்டே முகத்தைத் துடைத்தான்.

"அழுது முடிஞ்சா வா, நீயும் கெளம்பு" என்றார் ரெங்கம்மா. "தங்கச்சி இருக்கப்போற வீட்ட நீ பாக்க வேணாமா? ரெண்டு நாள் இருந்துட்டு வா. எங்க வீட்ல ஒரு பொம்பளைக்கும் ஜாக்கெட்டு ஒழுங்கா இல்ல, அளவும் எடுத்துக்கலாம்."

ஜீவராணி மறுக்கப் பார்த்தாள். மண்டபம் கழுவ வேண்டும், இரவல் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "நான் கழுவுறேன், நீ போ" என்றான் அழகர்.

சரிவுக்கு வந்தபோது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மணமக்கள் முதலில் கைகோத்துக்கொண்டு பலகையில் நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ரெங்கம்மா ஒரு கையால் கயிற்றையும் மறு கையால் ஜீவராணியின் முழங்கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். காலையில் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு வந்தாராம். இப்போது நடுவழியில் நின்று கீழே பார்த்தார். சேற்றில் இரண்டு சீப்பு தோல் கறுத்துக் கிடந்தது. ஒரு காகம் அதைக் கொத்திக்கொண்டிருந்தது.

"ஐயையோ, பார்க்காதீங்க சம்மந்தியம்மா, தல சுத்தும்."

"எனக்குச் சுத்தல. நீதான் கயித்த ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டு நிக்கிற."

உண்மைதான். ஜீவராணிதான் கயிற்றை விடாமல் நின்றிருந்தாள். இரண்டு பேரும் பலகையின்மேல் நின்று சிரிக்க, பலகை லேசாக ஆடியது. அந்தப் பக்கத்திலிருந்து கஜேந்திரன், "அங்க நின்னு என்னா பேச்சு, வாங்க!" என்று கத்தினான். பஸ் டிரைவர் ஹோர்ன் அடித்தான். அவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு மீதி வழியையும் கடந்து பஸ்ஸில் ஏறினார்கள்.